றஞ்சியின் வரிசை

அந்தக் கருவியின் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. தையல் மெஷினை யாரோ அவசரமாக மிதிப்பதுபோல ஒரு சத்தம். தாயின் வயிற்றில் பசை பூசி, சவர்க்காரக் கட்டியளவு முனையை வைத்தால், உள்ளே இருக்கும் பிள்ளையின் இதயத் துடிப்பு அறை முழுவதும் கேட்கும்.

மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எங்கள் திருச்சபையிலிருந்து ஊழியப் பயணமாகப் போயிருந்தோம். ஒரு டொக்டர், இரண்டு மருத்துவிச்சிகள், பாட்டுப் படிக்க நாலு பேர், வான் நிறையச் சத்துமாவும் பிள்ளை உடுப்பும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவை எங்களுக்கு ஒழித்துத் தந்திருந்தார்கள். ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் மணந்த அறை. இரண்டு மேசை போட்டிருந்தது. ஒன்றில் நான். மற்றதில் றஞ்சி.

என் முன்னால் மூன்று பேர் நின்றார்கள். றஞ்சியின் வரிசை கதவைத் தாண்டி, படியால் இறங்கி, தண்ணீர்ப் பைப்படி மட்டும் போயிருந்தது.

நான் எண்ணினேன். இருபத்திரண்டு பேர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இந்தப் பத்திரிகையில் போன கிழமை வந்த என் பகுதியைப் படித்துவிட்டுப் பருத்தித்துறையிலிருந்து ஒரு வாசகி தொலைபேசி எடுத்தார். பெயர் சொல்லவில்லை. "நல்லாய்த்தான் எழுதுறியள் மிஸ்ஸி. ஆனால் எல்லாக் கதையிலையும் நீங்கள் நல்ல மனுசியாய்த்தான் இருக்கிறியள். அது எப்பிடி?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வி மூன்று நாளாக மீன்முள்ளுப்போலத் தொண்டையில் நின்றது. அதனால்தான் இந்தக் கிழமை எழுத இருந்த வெள்ளக் கதையைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வீடு

மருத்துவிச்சி, ஊர்ப் பேச்சில் மிஸ்ஸி, என்றதும் இளம் வாசகர்கள் வெந்நீர்ப் பானையையும் கத்தரிக்கோலையும் நினைக்கக்கூடும். எங்கள் பக்கத்தில் இப்போது யாரும் வீட்டில் பிள்ளை பெறுவதில்லை. பிரசவம் ஆஸ்பத்திரியில். அதற்கு முந்திய ஒன்பது மாதமும் பிந்திய நாட்களும் எங்கள் கையில். புதிதாகக் கலியாணம் முடித்தவர்களைப் பதிய வேண்டும், கிளினிக்குக்குக் கூப்பிட வேண்டும், இரும்புச்சத்துக் குளிசையை விழுங்கினாளா அல்லது செவ்வரத்தை மரத்துக்கு உரமாகப் போட்டாளா என்று துப்பறிய வேண்டும், பிறந்த பிள்ளையைத் தராசில் கொழுவி நிறுக்க வேண்டும். வட்டுக்கோட்டையைச் சுற்றிய ஒழுங்கைகளில் என்னைப் பார்த்துக் குரைக்காத நாய் கிடையாது.

நான் கிறிஸ்தவப் பெண். போகிற வீடுகளில் அனேகம் சைவ வீடுகள். படலையைத் திறக்குமுன் மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் செய்வேன். வாய்விட்டுச் செய்ததில்லை. நான் போவது பிள்ளைக்காக, பிரசங்கத்துக்காக அல்ல. மாமியார் திருநீறு பூச வரும்போது பிள்ளையின் தலை ஆடாமல் பிடித்துக் கொடுப்பதும் நான்தான். இதை எங்கள் போதகரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

சண்டை முடிந்து சனங்கள் வன்னிக்குத் திரும்பிய காலத்தில் சபை அனுப்பிய முதல் ஊழியப் பயணத்தில் நான் ஒருத்திதான் மருத்துவிச்சி. தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு கதிரையில் இருந்தேன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை தாய்மார் வந்துகொண்டே இருந்தார்கள். திரும்பும்போது இடுப்பு முறிந்தது, ஆனால் மனம் நிறைந்திருந்தது. "மலர் மிஸ்ஸி வந்தால் பயமில்லை" என்று ஒரு பெண் சொன்னதை வீடு வரும்வரை நினைத்து நினைத்து ருசித்தேன். அந்தப் பெயர் எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிது. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பிறகு பக்கத்து மருத்துவிச்சிப் பிரிவுக்கு றஞ்சி வந்தாள்.

என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். குருநகரில் கடலுக்குப் போகிற குடும்பத்தில் கத்தோலிக்கப் பிள்ளையாகப் பிறந்து, எங்கள் சபைப் பொடியனைக் கட்டி இங்கே வந்தவள். சிரித்தால் மூன்று வளவுக்குக் கேட்கும். தாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தால் இவளும் பக்கத்தில் குந்திவிடுவாள். "இஞ்சை தாரும், நான் செதில் எடுக்கிறன். நீர் சொல்லும், பிள்ளை இண்டைக்கு எத்தினை தரம் அசைஞ்சது?" என்பாள். நானோ கதிரை போட்டால்தான் இருப்பேன்.

ஆறு மாதம் போகவில்லை. என் பிரிவுத் தாய்மாரே கேட்கத் தொடங்கினார்கள். "மிஸ்ஸி, உங்கடை கிளினிக்குக்கு றஞ்சி மிஸ்ஸி வரமாட்டாவோ?"

"ஏன், என்ரை கையிலை என்ன குறை?"

"ஐயோ, சும்மா கேட்டனான்."

பொறாமையை எலும்புருக்கி என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது எலும்புக்குப் போகவில்லை, நெஞ்செரிவாகத்தான் வந்தது. கறிக்கு உறைப்பைக் குறைத்தேன், போகவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "உமக்கு உறைப்பாலை இல்லையப்பா, றஞ்சியாலை" என்றார். அன்றைக்கு அவருக்குப் பின்னேரத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

முதல் இலை

சைவ வீடுகளில் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. பிள்ளைக்கு முடி இறக்கி, வீடு கழுவி, சொந்தக்காரருக்குச் சாப்பாடு போடுவார்கள். அந்தப் பந்தியில் எனக்கு முதல் இலை போடுவது நான் போகிற வீடுகளில் பழக்கமாகியிருந்தது. அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அது தவறியதில்லை.

வெங்காயத் தோட்டம் செய்கிற ஒரு வீடு. மருமகள் சுகந்திக்குப் பிரஷர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மழையிலும் வெயிலிலும் ஒன்பது மாதம் அந்த ஒழுங்கையில் சைக்கிள் உழக்கியவள் நான். கடைசிக் கிழமை என் தங்கை மகளின் கலியாணத்துக்காக விடுமுறை எடுத்தேன். என் பிரிவை றஞ்சி பார்த்துக்கொண்டாள். சுகந்தி அந்தக் கிழமைதான் வலி கண்டாள். றஞ்சி ஓட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வரை கூடப்போய், பிள்ளை பிறந்த சேதி கேட்ட பிறகுதான் திரும்பியிருக்கிறாள்.

முப்பத்தோராம் நாள் இரண்டு பேரும் போனோம். சுகந்தியின் மாமியார் முதல் இலையை விரித்து, "வாங்கோ பிள்ளை, இதிலை இருங்கோ" என்று றஞ்சியின் கையைப் பிடித்து இருத்தினார். எனக்கு இரண்டாவது இலை. அதுவும் பக்கத்தில்தான், ஒரு முழத் தூரம் இராது.

றஞ்சி உடனே எழும்பினாள். "அக்கா, நீங்கள் இதிலை இருங்கோ. நீங்கள்தானே முழுக்கப் பாத்தனீங்கள்."

அது இன்னும் மோசம். அவள் விட்டுத்தந்த இலை எனக்கு வேண்டாம். எனக்கென்று விரித்த இலை வேண்டும். "பரவாயில்லை, இரும்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது இலையில் இருந்தேன். அந்த வீட்டுப் பாயாசத்துக்குச் சீனி அள்ளிக் கொட்டியிருந்தார்கள் என்று பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவ்வளவு அற்பமாக இருந்திருக்கிறேன்.

யாரும் கேட்காமலே

இனித் தோட்டத்துக்கு வருவோம். அப்போது நான் ஓய்வு பெற்று ஒரு வருடம். றஞ்சியின் கருவி அவளுடைய தமையன் கனடாவிலிருந்து அனுப்பியது. என்னிடம் இருந்தது அலுமினியக் குழல். அதை வயிற்றில் வைத்துக் காதை ஒட்டினால் பிள்ளையின் துடிப்பு எனக்கு மட்டும் கேட்கும். றஞ்சியின் கருவியிலோ தாய்க்கும் கேட்கும், வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும். ஒவ்வொரு பிள்ளையின் சத்தத்துக்கும் அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். யார்தான் என் மேசைக்கு வருவார்கள்? நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன்.

என் மூன்று பேரும் கெதியில் முடிந்தார்கள். பிள்ளை உடுப்பை மடிப்பதுபோல மெல்ல மெல்ல நகர்ந்து றஞ்சியிடம் வரும் தாய்மார் படுக்கும் வாங்கடியில் போய் நின்றேன்.

அடுத்து ஏறிப் படுத்தவள் மகேஸ்வரி. எட்டு மாதம். தொழிலாளர் வீடுகள் இருக்கும் கீழ் லயத்திலிருந்து அப்போதுதான் அத்தனை படியும் ஏறி வந்தவளை வரிசை முன்னுக்கு விட்டிருந்தது. மூச்சு வாங்கியது. அந்தக் குளிரிலும் கழுத்தில் வேர்வை.

"காலையிலேருந்து புள்ள அவ்வளவா அசையலீங்க" என்றாள்.

றஞ்சி முனையை வைத்தாள். கொஞ்சம் கரகரத்துவிட்டுத் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. "கேக்குதே? உம்முடை ஆள் ஓடுறார்" என்றாள் றஞ்சி. மகேஸ்வரி சிரித்தாள். வரிசையும் சிரித்தது.

யாரும் கேட்காமலே நான் மகேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அந்தக் கருவி சில வேளை பிள்ளையை விட்டுவிட்டுத் தாயின் துடிப்பையே எடுத்து ஒலிக்கும். தாயின் கை நாடியைப் பிடித்துக்கொண்டு கேட்டால் பிடிபடும். நாடியும் சத்தமும் ஒன்றாக அடித்தால், கேட்பது பிள்ளை அல்ல, தாய். என் விரலுக்குக் கீழே நாடி அடித்தது. அறையில் சத்தம் அடித்தது. இரண்டும் சேர்ந்தே அடித்தன.

அப்போது எனக்கு வந்த உணர்ச்சியைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பயம் வரவில்லை. இரக்கம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. அகப்பட்டுவிட்டாள் என்ற சந்தோஷம். ஒரு பிள்ளை வயிற்றுக்குள் உயிரோடு இல்லை என்று நினைத்த அதே நேரத்தில் நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

"நிப்பாட்டும் றஞ்சி" என்றேன். காதோடு சொல்லியிருக்கலாம். வரிசைக்கும் கேட்க வேண்டும் என்றுதான் உரத்துச் சொன்னேன். "இது தாயின்ரை துடிப்பு. பிள்ளைக்குத் துடிப்பில்லை."

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று கதைக்கிறவர்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்தினாள். கத்தவில்லை.

"இதுவுமா?" என்றாள்.

அவளுடைய கிளினிக் அட்டை மேசையில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அதை எடுத்துப் பார்த்தேன். முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்திருந்தது. றஞ்சி அதை வாசித்துவிட்டுத்தான் அவளோடு பகிடி விட்டுக் கதைத்திருக்கிறாள். நான் வாசிக்கவில்லை.

பத்து நிமிடம்

படியேறி வந்த பெண்ணின் நாடி, அதுவும் இரத்தம் குறைந்த பெண்ணின் நாடி, பிள்ளையின் துடிப்பளவு வேகமாக ஓடும். அவளுக்குக் குடிக்கக் கொடுத்து, இடப்பக்கம் சரித்துப் படுக்கவிட்டு, பத்து நிமிடம் பொறுத்துத்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும். புதிதாக வருகிற மருத்துவிச்சிகளுக்கு நான் வருடா வருடம் படிப்பித்த பாடம் இது. றஞ்சிக்கும் நான்தான் படிப்பித்தேன்.

றஞ்சி என்னோடு வாதாடவில்லை. வரிசையை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். மகேஸ்வரியின் தலையைத் தாங்கி இஞ்சித் தேத்தண்ணி பருக்கினாள். சரித்துப் படுக்கவைத்தாள். நான் கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதையுங்கோ அக்கா. அப்பிடியே பிடிச்சுக்கொண்டு இருங்கோ" என்றாள்.

பிடித்துக்கொண்டு இருந்தேன். தகரத்தில் மழை விழுந்தது. மகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு முனியாண்டியையும் மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டாள். நானும் ஜெபித்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் ஜெபிக்கவில்லை. பிள்ளை இருந்தால் எனக்கு எவ்வளவு வெட்கம், இல்லாவிட்டால் றஞ்சிக்கு எவ்வளவு வெட்கம் என்று யோசித்துக்கொண்டு இருந்தேன்.

நாடி மெல்ல மெல்ல அடங்கியது. றஞ்சி முனையை அதே இடத்தில் வைத்தாள். சத்தம் முன்னைய வேகத்திலேயே ஓடியது, துளியும் குறையவில்லை. என் விரலில் இரண்டு அடிக்கும் நேரத்தில் அறையில் மூன்று அடித்தது.

பிள்ளை இருந்தது. தொடக்கத்திலிருந்தே இருந்தது.

"நீங்களே சொல்லுங்கோ அக்கா" என்றாள் றஞ்சி.

எனக்கு வழி விடுகிறாள் என்று விளங்கியது. அந்த நல்ல குணத்தைப் பார்த்தும் எனக்கு எரிந்தது. குனிந்து, "மகேஸ்வரி, பிள்ளை சுகமாய் இருக்கு" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அந்த அக்கா சொல்லட்டும்" என்றாள்.

றஞ்சி சொன்னாள். அப்போதுதான் மகேஸ்வரிக்கு அழுகை வந்தது. டொக்டர் வந்து பார்த்து, எதற்கும் ஒரு ஸ்கான் எடுக்கும்படி எழுதிக் கொடுத்தார். நான் போய் வானுக்குள் இருந்துகொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டுப் படித்தார்கள். நான் தலையிடி என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

சாட்சி

மூன்று மாதம் கழித்து எங்கள் சபையில் ஸ்தோத்திர ஆராதனை. ஊழியப் பயணம் போனவர்கள் எழும்பிச் சாட்சி சொல்வது வழக்கம். அந்த மூன்று மாதமும் நான் றஞ்சியோடு வெயிலையும் மழையையும் பற்றி மட்டும் கதைத்தேன். அன்றைக்கு அவள் வாயைத் திறந்தால் முப்பது வருடப் பெயர் ஒரு நிமிடத்தில் போய்விடும். முன்வாங்கில் இருந்து பாட்டுப் புத்தகத்தின் மூலையை மடித்தும் நிமிர்த்தியும் கொண்டிருந்தேன்.

றஞ்சி எழும்பினாள். "ஒரு தாய்க்குப் பிள்ளையின்ரை துடிப்பிலை சந்தேகம் வந்தது. மலரக்கா நாடியைப் பிடிச்சுப் பாத்தா. பொறுத்திருந்து திரும்பப் பாத்தம். பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. இப்ப பொம்பிளைப் பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் சுகமாய் இருக்கினம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

சபை கை தட்டியது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது உண்மை இல்லை.

என்னால் இருக்க முடியவில்லை. எழும்பினேன். "பிள்ளைக்குத் துடிப்பில்லை எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னது நான். பிழையாய்ச் சொன்னனான். றஞ்சியிலை இருந்த எரிச்சலிலை சொன்னனான்" என்றேன். சொல்லும்போதே அழுதேன்.

பிறகு போதகர் இறங்கி வந்து என் கைகளைப் பிடித்தார். "அக்கா, இப்பிடி ஒரு சாட்சியை நான் கேட்டதில்லை" என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எனக்குக் கை தரவும் என்னைக் கட்டிப்பிடிக்கவும் ஒரு வரிசை நின்றது. "என்ன துணிவு!" "உங்களைப்போலை ஆர் சொல்லுவினம்?" வரிசை வாசற்படியால் இறங்கி வேப்பமரத்தடி மட்டும் போனது.

நான் எண்ணினேன். சத்தியமாக எண்ணினேன்.

றஞ்சி அந்த வரிசையில் இல்லை.

ஐந்தாம் நாள்

மதிலோரம் தன் ஸ்கூட்டரடியில் நின்றாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வரும்வரை காத்திருந்தாள். அவள் முகத்தில் கோபத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எல்லாருக்கும் சொல்லிப்போட்டியள். அவளுக்குச் சொன்னனீங்களோ?"

"ஆருக்கு?"

"பாத்தியளோ? ஆருக்கு எண்டு கேக்கிறியள்."

கைப்பையில் இருந்து ஒரு துண்டுக் கடதாசி எடுத்து, போனைப் பார்த்து ஒரு எண்ணை எழுதித் தந்தாள். மகேஸ்வரியின் எண். அவளோடு கிழமைக்கு ஒரு தரம் கதைத்து வந்திருக்கிறாள். அதைக் கேட்டபோதும் எனக்கு நெஞ்சு எரிந்தது, என்ன செய்ய.

நாலு நாள் அந்தத் துண்டு மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஐந்தாம் நாள் பின்னேரம், இவர் கடைக்குப் போன நேரம் பார்த்து எடுத்தேன்.

"ஹலோ, யாருங்க?"

"நான் யாழ்ப்பாணத்திலையிருந்து மலர் மிஸ்ஸி கதைக்கிறன்."

"யாருங்க?"

"உங்கடை தோட்டத்துக்கு ஊழியத்துக்கு வந்தனாங்கள்..."

"ஆ, றஞ்சி அக்காங்களா!"

"இல்லை."

என் பெயர் அவளுக்குத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. அவளுக்கு என்னைத் தெரிந்த விதம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லாமல் நான் யார் என்று சொல்ல வழி இருக்கவில்லை.

"உங்கடை பிள்ளைக்குத் துடிப்பில்லை எண்டு சொன்ன மனுசி" என்றேன்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நான் சொன்னது பிழை, மகேஸ்வரி. வேறை ஆளிலை இருந்த எரிச்சலிலை உங்களை நினைக்காமல் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அதுக்கப்புறம் புள்ள பொறக்குற வரைக்கும் நான் தூங்கவே இல்லீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். "வயித்துல கைய வெச்சுக்கிட்டே ஒக்காந்திருப்பேன். அசையுதா, அசையுதான்னு."

பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"புள்ள அழுவுது. வெச்சிடுறேங்க" என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.